சேலம், நாமக்கல் மாவட்டங்களில் செல்லிடத் தொலைபேசிச் சேவைப் போட்டி

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் செல்லிடத் தொலைபேசிச் சேவை, தமிழ்நாடு தொலைத்தொடர்பு வட்டத்தின் ஒரு பகுதியாகும். 1990களின் இறுதியில் இவ்வட்டத்தில் இரண்டு தனியார் நிறுவனங்களே இச்சேவையை வழங்கின. 2010ஆம் ஆண்டளவில் இவ்வெண்ணிக்கை எட்டைத் தாண்டியது. 2018க்குப் பின்னர் ஏர்டெல், ஜியோ, வோடபோன் ஐடியா, பி.எஸ்.என்.எல் என நான்காகக் குறைந்தது. புதிய தொழில்நுட்பங்கள் புதிய நிறுவனங்களுக்கு வழி திறந்ததும், நிறுவன இணைவுகளும் வெளியேற்றங்களும் அவ்வழியைச் சுருக்கியதும் இம்மாற்றத்தின் இரு முகங்கள் ஆகும். இவ்வட்டத்தில் தோன்றி, இங்கு முதலிடம் பெற்று, 2018இல் மறைந்த ஏர்செல் நிறுவனத்தின் வரலாறு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

சந்தையின் எல்லை

இந்தியாவில் தொலைத்தொடர்பு உரிமங்கள் சேவை வட்டங்கள் வாரியாக வழங்கப்பட்டன. எனவே போட்டியை ஆராய்வதற்குரிய எல்லை மாவட்டமோ நாடோ அன்று, வட்டமே ஆகும். தொடக்கத்தில் சென்னை ஒரு தனி வட்டமாகவும், தமிழ்நாட்டின் ஏனைய பகுதிகள் மற்றொரு வட்டமாகவும் இருந்தன. இதனால் சேலத்தில் இணைப்புப் பெற்ற ஒருவர் சென்னைக்குச் சென்றாலும் வெளிவட்டப் பயனராகவே (ரோமிங்) கருதப்பட்டார். பின்னர் சென்னை, தமிழ்நாடு வட்டத்துடன் இணைக்கப்பட்டது. தற்போது நாட்டில் 22 வட்டங்கள் உள்ளன.

நாமக்கல் மாவட்டம் 1997 சனவரி 1 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. நிலைத் தொலைபேசியைப் பொறுத்தவரை இப்பகுதி பல எஸ்.டி.டி குறியீடுகளைக் கொண்டது: சேலம் 0427, நாமக்கல் 04286, இராசிபுரம் 04287, திருச்செங்கோடு 04288, சங்ககிரி 04283, ஆத்தூர் 04282. இக்குறியீடு ஒவ்வொன்றும் ஒரு குறுந்தொலைவுக் கட்டணப் பகுதியைக் குறிக்கும். இப்பகுதிகளின் எல்லை பின்னாளில் ஒரு பெரும் வணிகப் பூசலுக்குக் காரணமாயிற்று.

இச்சமவெளியின் தொழில்கள் தொலைபேசியைப் பெரிதும் சார்ந்தவை. நாமக்கல், சங்ககிரி பகுதிகளின் லாரிகளும், திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளும் நாடெங்கும் செல்கின்றன. நாமக்கல் முட்டை வணிகம் அன்றாட விலை அறிவிப்பைப் பின்பற்றி நடைபெறுகிறது. சேலத்தின் வெள்ளிக் கொலுசு, சவ்வரிசி, சவுளி வணிகங்களும் வெளி மாநிலக் கொள்முதலை நம்பியுள்ளன. லாரியின் பின்புறத்திலும் கடையின் பெயர்ப் பலகையிலும் எழுதப்பட்ட தொலைபேசி எண், இவ்வணிகர்களுக்கு ஒரு முகவரியாகவே விளங்குகிறது. அவ்வெண்ணை விட முடியாதவர், அதை வழங்கிய நிறுவனத்தையும் எளிதில் விட முடியாது.

முதற் கட்டம்: இருவர் சந்தை

1994ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கையை அடுத்து, ஒவ்வொரு வட்டத்திலும் இரண்டு தனியார் நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கப்பட்டது. தமிழ்நாடு வட்டத்தில் பி.பி.எல் நிறுவனமும், தொழிலதிபர் சி. சிவசங்கரன் நிறுவிய ஏர்செல் நிறுவனமும் இவ்வுரிமங்களைக் கொண்டிருந்தன. ஏர்செல் 1999இல் சேவையைத் தொடங்கியது. அதே ஆண்டின் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை, நிலையான உரிமக் கட்டணத்தை நீக்கி, வருவாயில் பங்கு செலுத்தும் முறையைக் கொண்டுவந்தது. இதனால் நிறுவனங்களின் சுமை குறைந்தது.

அக்காலத்தில் வருகின்ற அழைப்புகளுக்கும் பயனரே கட்டணம் செலுத்தினார். இருவர் மட்டுமே உள்ள சந்தையில் விலையைக் குறைக்கும் தூண்டுதல் குறைவு என்பது பொருளியலில் நன்கு அறியப்பட்ட கருத்தாகும். இந்நிலை மூன்றாவது, நான்காவது நிறுவனங்களின் வருகையால் மாறியது. 2001இல் நடைபெற்ற நான்காவது உரிம ஏலத்தில் பார்தி நிறுவனம் (ஏர்டெல்) தமிழ்நாடு வட்டத்தைப் பெற்றது. அரசு நிறுவனமான பி.எஸ்.என்.எல் மூன்றாவது உரிமத்தின் கீழ் 2002 அக்டோபரில் தன் செல்லிடச் சேவையைத் தொடங்கியது.

எண்ணின் முதல் நான்கு இலக்கங்களைக் கொண்டே நிறுவனத்தை அறியக்கூடிய காலம் அது. தமிழ்நாடு வட்டத்தில் 9842 ஏர்செல்லையும், 9843 பி.பி.எல்லையும், 9443 பி.எஸ்.என்.எல்லையும், 9894 ஏர்டெல்லையும் குறித்தன.

அலைக்கற்றையிலும் வேறுபாடு இருந்தது. முதலில் வந்த நிறுவனங்களுக்கு 900 மெகா ஏர்ட்சு அலைவரிசையும், நான்காவது உரிமத்துக்கு 1800 மெகா ஏர்ட்சு அலைவரிசையும் ஒதுக்கப்பட்டன. குறைந்த அதிர்வெண் அலைகள் கூடுதல் தொலைவு செல்லும். சுவர்களையும் எளிதில் ஊடுருவும். எனவே ஊர்கள் பரந்து கிடக்கும் சமவெளியில் 900 மெகா ஏர்ட்சு உடைய நிறுவனம் குறைவான கோபுரங்களைக் கொண்டே சேவை வழங்க இயலும். பின்னர் வந்தவர் அதே பரப்புக்குக் கூடுதல் கோபுரங்களை நிறுவ வேண்டும். முதலில் வந்தவர் பெற்ற இச்சாதகம் விளம்பரத்தாலோ விலையாலோ மட்டும் ஈடுசெய்யக்கூடியதன்று.

தொழில்நுட்பம் திறந்த வழிகள்

*சி.டி.எம்.ஏ மற்றும் வரையறுக்கப்பட்ட நகர்வு*

நிலைத் தொலைபேசி உரிமம் பெற்ற நிறுவனங்கள், கம்பிக்குப் பதிலாக வானொலி அலையின் மூலம் இணைப்புத் தரலாம் என அனுமதிக்கப்பட்டன. இவ்விணைப்பு ஒரு குறுந்தொலைவுக் கட்டணப் பகுதிக்குள் மட்டுமே நகரலாம் என்பது நிபந்தனை. அதாவது விதிப்படி, 0427 பகுதியில் பெற்ற கருவி 04286 பகுதியில் இயங்கக் கூடாது. ரிலையன்சு இன்ஃபோகாம் 2002 டிசம்பரில் சி.டி.எம்.ஏ தொழில்நுட்பத்தில் தன் சேவையை அறிமுகப்படுத்தியபோது, இவ்வெல்லை நடைமுறையில் கடக்கப்படுவதாக ஜி.எஸ்.எம் நிறுவனங்கள் எதிர்த்தன. தாங்கள் ஏலத்தில் பெருந்தொகை செலுத்திப் பெற்ற உரிமையைக் குறைந்த கட்டணத்தில் மற்றவர் பெறுகின்றனர் என்பது அவற்றின் வாதம். 2003 நவம்பரில் அறிமுகமான ஒருங்கிணைந்த அணுகல் உரிமம் இவ்வேறுபாட்டை நீக்கியது.

இப்பூசலில் யார் பக்கம் நியாயம் இருந்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எனினும் பயனருக்குக் கிடைத்த விளைவு தெளிவானது. 2003இல் வருகின்ற அழைப்புகளுக்கான கட்டணம் நீங்கியது. வெளியூர் அழைப்புக் கட்டணங்கள் விரைவாகச் சரிந்தன. 2006இல் பி.எஸ்.என்.எல் நாடு முழுவதற்கும் நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்னும் திட்டத்தைக் கொண்டுவந்தது.

*நொடிக் கணக்குக் கட்டணம்*

2009 சூனில் டாட்டா டொகோமோ தமிழ்நாடு உள்ளிட்ட தென் மாநிலங்களில் நொடிக்கு ஒரு காசு என்னும் கட்டண முறையை அறிமுகப்படுத்தியது. அதுவரை 61 நொடி பேசியவரும் இரண்டு நிமிடங்களுக்குரிய கட்டணத்தைச் செலுத்தினார். சில மாதங்களில் ஏனைய நிறுவனங்களும் இம்முறையைப் பின்பற்றின. ஐடியா, யூனிநார் ஆகியவையும் 2009இல் தமிழ்நாட்டில் நுழைந்தன. போட்டி இக்காலத்திலேயே உச்சத்தை அடைந்தது எனலாம். 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை நீக்கியதை அடுத்து, யூனிநார் தமிழ்நாட்டிலிருந்து வெளியேறியது.

*எண் பெயர்வு வசதி*

2011 சனவரி 20 முதல் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. 1900 என்னும் எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் எட்டு எழுத்துக் குறியீடு ஒன்று கிடைக்கும். அதைப் புதிய நிறுவனத்திடம் அளிக்க வேண்டும். 2015 சூலை முதல் வேறு வட்டங்களுக்கும் எண்ணைக் கொண்டுசெல்ல முடிந்தது. தன் எண்ணை வண்டியிலும் பலகையிலும் எழுதிவைத்த வணிகருக்கு இது பெரும் விடுதலை ஆகும். இவ்வசதிக்குப் பின்னர் எண்ணின் முதல் இலக்கங்களைக் கொண்டு நிறுவனத்தை உறுதியாக அறிய இயலாது.

நிறுவன இணைவுகளின் வகைகள்

எல்லா இணைவுகளும் போட்டியை ஒரே வகையில் பாதிப்பதில்லை. தமிழ்நாட்டு நிகழ்வுகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

1. உரிமையாளர் மாற்றம்: வட்டத்துக்கு வெளியே உள்ள ஒருவர், வட்டத்தில் உள்ள நிறுவனத்தை வாங்குவது. பி.பி.எல்லின் தமிழ்நாட்டுச் சேவை 2005-06இல் ஹட்ச் குழுமத்திடம் சென்றது. அக்குழுமத்தின் இந்தியப் பங்குகளை 2007இல் வோடபோன் வாங்கியது. மலேசியாவின் மேக்சிசு நிறுவனம் 2006இல் ஏர்செல்லின் 74 விழுக்காட்டுப் பங்குகளைப் பெற்றதும் இவ்வகையே. இவற்றால் போட்டியாளர் எண்ணிக்கை குறையவில்லை.
2. பரப்பு விரிவு: வேறொரு வட்டத்தில் உள்ள நிறுவனத்தை வாங்குவது. சென்னையில் இயங்கிய ஸ்கைசெல்லை 2000இல் பார்தியும், ஆர்.பி.ஜி செல்லுலாரை 2003இல் ஏர்செல்லும் வாங்கின. அப்போது சென்னை தனி வட்டமாக இருந்ததால் சேலம் பயனரின் தெரிவுகள் குறையவில்லை.
3. கிடைமட்ட இணைவு: ஒரே வட்டத்தில் போட்டியிடும் இருவர் ஒன்றாவது. வோடபோனும் ஐடியாவும் 2018 ஆகத்து 31 அன்று இணைந்ததும், டாட்டாவின் செல்லிடச் சேவை 2019 சூலையில் ஏர்டெல்லுடன் இணைந்ததும் இவ்வகை. ஒவ்வோர் இணைவிலும் ஒரு போட்டியாளர் குறைகிறார்.

9843 என்று தொடங்கும் எண்ணைத் தொடக்கத்திலிருந்து மாற்றாமல் வைத்திருந்த ஒருவர், இருந்த இடத்தில் இருந்துகொண்டே பி.பி.எல், ஹட்ச், வோடபோன், வி (2020 முதல்) ஆகிய நான்கு பெயர்களின் வாடிக்கையாளராக ஆகியிருப்பார். இவற்றுள் போட்டியாளர் ஒருவரைக் குறைத்தது 2018ஆம் ஆண்டின் இணைவு மட்டுமே. பெயர்ப் பலகை மாறுவதும் போட்டி குறைவதும் வெவ்வேறு என்பதை இதிலிருந்து அறியலாம்.

நான்காம் தலைமுறையும் ஜியோவும்

2010இல் நடைபெற்ற அகலப்பட்டை அலைக்கற்றை ஏலத்தில் இன்ஃபோடெல் என்னும் நிறுவனம் 22 வட்டங்களையும் பெற்றது. ரிலையன்சு இன்டசுட்ரீசு உடனடியாக அதன் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. இந்நிறுவனமே ஜியோ எனப் பெயர் பெற்று 2016 செப்டம்பர் 5 அன்று சேவையைத் தொடங்கியது. 2017 மார்ச் இறுதி வரை பேச்சும் தரவும் கட்டணமின்றி வழங்கப்பட்டன.

ஜியோவின் வலையமைப்பு முழுவதும் இணைய நெறிமுறையில் அமைந்தது. பேச்சும் தரவாகவே அனுப்பப்படுவதால் அதற்கெனத் தனி வலையமைப்புத் தேவையில்லை. பழைய நிறுவனங்களோ 2ஜி, 3ஜி, 4ஜி ஆகிய மூன்றையும் ஒருங்கே பேண வேண்டியிருந்தது. அவற்றின் முதன்மை வருவாயாக இருந்த பேச்சுக் கட்டணம், ஜியோவில் ஏறத்தாழ விலையற்ற பொருளாயிற்று.

புதிய நிறுவனம் ஒன்று வாழ வேண்டுமாயின் அதன் பயனர்கள் ஏனைய நிறுவனங்களின் பயனர்களுடன் பேச இயல வேண்டும். இதற்கு இடையிணைப்பு முனைகள் தேவை. அவற்றைப் போதிய அளவில் வழங்கவில்லை எனக் கூறி, ஏர்டெல், வோடபோன், ஐடியா ஆகியவற்றின் மீது மொத்தம் 3,050 கோடி ரூபாய் தண்டம் விதிக்கலாம் என இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016 அக்டோபரில் பரிந்துரைத்தது. மறுபுறம், அழைப்பைப் பெறும் நிறுவனத்துக்குச் செலுத்தவேண்டிய கட்டணம் 2017 அக்டோபரில் நிமிடத்துக்கு 14 காசிலிருந்து 6 காசாகவும், 2021 சனவரியில் சுழியமாகவும் குறைக்கப்பட்டது. முன்னது புதியவருக்கு ஏற்பட்ட தடையாகவும், பின்னது பழையவருக்கு ஏற்பட்ட இழப்பாகவும் கருதப்பட்டன.

ஏர்செல்லின் முடிவு

ஏர்செல் பல ஆண்டுகள் தமிழ்நாடு வட்டத்தில் வாடிக்கையாளர் எண்ணிக்கையில் முதலிடம் வகித்தது. 2010இல் 3ஜி அலைக்கற்றைக்காகப் பெருந்தொகை செலவிட்டது. நாடு முழுவதும் விரிவடைய முயன்றதில் கடன் பெருகியது. அதே ஆண்டில் தன் கோபுரங்களை ஜி.டி.எல் நிறுவனத்திடம் விற்றுவிட்டு, அவற்றையே வாடகைக்குப் பயன்படுத்தியது. 2016 செப்டம்பரில் ரிலையன்சு கம்யூனிகேசன்சுடன் இணைவதாக அறிவித்தது. அத்திட்டம் 2017 அக்டோபரில் கைவிடப்பட்டது.

2018 பிப்ரவரி மூன்றாம், நான்காம் வாரங்களில் தமிழ்நாடெங்கும் ஏர்செல் சேவை தடைப்பட்டது. கோபுர வாடகை தொடர்பான பிணக்கினால் பெரும்பாலான கோபுரங்கள் செயலிழந்தன. பிப்ரவரி 28 அன்று நிறுவனம் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தில் நொடிப்பு விண்ணப்பம் அளித்தது.

எண் பெயர்வு வசதியின் ஒரு குறைபாடு அப்போதுதான் வெளிப்பட்டது. பெயர்வுக்கான குறியீட்டைப் பெற, பயனர் தான் விட்டுச்செல்லும் நிறுவனத்தின் வழியாகவே குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். அந்நிறுவனத்தின் கோபுரமே இயங்காதபோது செய்தி எவ்வாறு செல்லும்? வங்கிப் பரிமாற்றத்துக்கான ஒருமுறைக் கடவுச்சொல்லும், ஆதார் இணைப்பும், வணிகத் தொடர்புகளும் அவ்வெண்ணையே சார்ந்திருந்தன. பல ஊர்களில் மக்கள் ஏர்செல் அலுவலகங்களின் முன் திரண்டனர். ஆணையம் தலையிட்டு, குறியீட்டை மாற்று வழியில் வழங்கவும், அதன் செல்லுபடிக் காலத்தை 2018 ஏப்ரல் 15 வரை நீட்டிக்கவும் ஆணையிட்டது.

விலகிச் செல்லும் உரிமை ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. விட்டுச்செல்லப்படும் நிறுவனம் வீழ்ந்த பின்னரும் அது இயங்கும் வகையில் அமைக்கப்பட வேண்டும் என்பதே இந்நிகழ்வு தரும் பாடமாகும்.

போட்டியை அளத்தல்

நிறுவனங்களின் எண்ணிக்கை மட்டும் போட்டியின் அளவைக் காட்டாது. பொருளியலாளர்கள் எர்ஃபின்டால்-எர்ச்மன் சுட்டெண்ணைப் பயன்படுத்துகின்றனர். ஒவ்வொரு நிறுவனத்தின் சந்தைப் பங்கு விழுக்காட்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் இது கிடைக்கும். எடுத்துக்காட்டாக:

* நான்கு நிறுவனங்கள், ஒவ்வொன்றும் 25 விழுக்காடு: 625 × 4 = 2,500
* நான்கு நிறுவனங்கள், 40, 35, 15, 10 விழுக்காடு: 1,600 + 1,225 + 225 + 100 = 3,150
* ஒரே நிறுவனம், 100 விழுக்காடு: 10,000

முதல் இரண்டிலும் நிறுவனங்கள் நான்கே. எனினும் இரண்டாவது சந்தையில் செறிவு மிகுதி. (இவை விளக்கத்துக்கான எண்களே.)

இந்தியாவில் இணைவுகளைப் போட்டி ஆணையமும் தொலைத்தொடர்புத் துறையும் ஆராய்கின்றன. போட்டிச் சட்டம் 2002இல் இயற்றப்பட்டாலும், இணைவுகள் பற்றிய அதன் பிரிவுகள் 2011 சூன் 1 அன்றே நடைமுறைக்கு வந்தன. தொலைத்தொடர்புத் துறையின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின்படி, இணைந்த நிறுவனத்தின் பங்கு ஒரு வட்டத்தில் 50 விழுக்காட்டைத் தாண்டினால், அது ஓராண்டுக்குள் குறைக்கப்பட வேண்டும். தொலைத்தொடர்புப் பிணக்குகளை முதலில் ஒழுங்குமுறை ஆணையமே ஆராய வேண்டும்; அதன் பின்னரே போட்டி ஆணையம் தலையிடலாம் என உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் தீர்ப்பளித்தது.

இணைவுகள் பற்றிய கருத்துகள்

ஆதரவாகக் கூறப்படுபவை:

* இரு நிறுவனங்களின் சிறு அலைக்கற்றைத் துண்டுகள் ஒன்றுசேர்ந்தால் தரவு வேகம் கூடும். அலைக்கற்றை வீணாவது குறையும்.
* ஒரே ஊரில் இரு கோபுரங்களுக்கான செலவு ஒன்றாகக் குறையும்.
* நலிந்த நிறுவனம் திடீரென வீழ்வதைவிட, இணைவின் மூலம் அதன் பயனர்கள் சேவை தடைப்படாமல் மாறுவது நல்லது. ஏர்செல் பயனர்கள் பட்ட இன்னலும், டாட்டா பயனர்கள் ஏர்டெல்லுக்கு மாற்றப்பட்ட முறையும் இங்கு ஒப்பிடத்தக்கவை.

எதிராகக் கூறப்படுபவை:

* போட்டியாளர் குறையும்போது ஒருவர் விலையை உயர்த்தினால் மற்றவரும் உயர்த்துவது எளிதாகிறது. 2019 டிசம்பர், 2021 நவம்பர், 2024 சூலை ஆகிய காலங்களில் மூன்று தனியார் நிறுவனங்களும் சில நாள் இடைவெளிக்குள் கட்டணங்களை உயர்த்தின.
* மூடப்படும் கோபுரங்கள் பெரும்பாலும் வருவாய் குறைந்த ஊர்ப்புறங்களில் அமையலாம்.
* புதியவர் நுழைவதற்கான முதலீடு மிக உயர்ந்துவிட்டதால், ஒருமுறை குறைந்த எண்ணிக்கை மீண்டும் உயர்வது அரிது.

2024 சூலை உயர்வின்போது பி.எஸ்.என்.எல் கட்டணத்தை உயர்த்தவில்லை. அடுத்த சில மாதங்களில் அதன் வாடிக்கையாளர் எண்ணிக்கை கூடியது. பங்கு சிறிதாயினும் தனித்து விலை முடிவு செய்யும் ஒரு நிறுவனம் சந்தையில் இருப்பதன் பயனை இது காட்டுகிறது.

பிற நாடுகளில்

நான்கு நிறுவனங்கள் மூன்றாகக் குறைவதை அனுமதிக்கலாமா என்பது பல நாடுகளில் எழுந்த வினாவாகும். பிரித்தானியாவில் த்ரீ, ஓ2 ஆகியவற்றின் இணைவை ஐரோப்பிய ஆணையம் 2016இல் தடுத்தது. ஆனால் அங்கேயே வோடபோன், த்ரீ ஆகியவை 2025இல் நிபந்தனைகளுடன் இணைந்தன. ஐக்கிய அமெரிக்காவில் டி-மொபைல், ஸ்பிரிண்ட் ஆகியவை 2020இல் இணைந்தன. இலங்கையில் ஏர்டெல்லின் சேவை 2024இல் டயலொக் நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது.

தற்போதைய நிலை

தமிழ்நாடு வட்டத்தில் நான்கு நிறுவனங்கள் உள்ளன. நாட்டளவில் வாடிக்கையாளர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர் ஜியோ, ஏர்டெல் ஆகிய இரண்டிடமே உள்ளனர். வோடபோன் ஐடியாவின் நிலுவைகளில் ஒரு பகுதி 2023இலும் 2025இலும் பங்குகளாக மாற்றப்பட்டதால், ஏறத்தாழ 49 விழுக்காட்டுடன் நடுவண் அரசே அதன் மிகப் பெரிய பங்குதாரர் ஆகியுள்ளது. 5ஜி சேவை இந்தியாவில் 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. பி.எஸ்.என்.எல் உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் அமைந்த தன் 4ஜி சேவையை 2025 செப்டம்பரில் நாடளவில் முறைப்படி தொடங்கியது. நான்கு நிறுவனங்களுள் இரண்டு அரசின் பங்கையோ உரிமையையோ சார்ந்து நிற்பதால், இவ்வட்டத்தின் போட்டி எதிர்காலத்தில் தொழில்நுட்பத்தைப் போலவே அரசின் முடிவுகளையும் பொறுத்து அமையும்.

இவற்றையும் பார்க்க

* ஏர்செல்
* பி.எஸ்.என்.எல்
* அலைக்கற்றை
* எண் பெயர்வு வசதி
* இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்
* சேலம் மாவட்டம்
* நாமக்கல் மாவட்டம்